மணி பிளாண்ட் வாடுகிறதா? தண்ணீர் ஊற்றும் முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

அத்தை வீட்டிலிருந்து ஒரு முழக் கொடி வாங்கி வந்து வைத்ததுதான் என் முதல் மணி பிளாண்ட். நான்கு மாதம் நன்றாகத் தழைத்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பார்த்தால் இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. தாகம் என்று நினைத்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னொரு சொம்பு ஊற்றினேன். ஒரு வாரத்தில் தண்டின் அடி கறுத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தால் சாக்கடை வாடை. வேர் என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு பல வருடங்களாக இந்தச் செடியோடு பழகிவிட்டேன். தெரிந்தவர்கள் இலையைப் படமெடுத்து அனுப்பி "என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். இலையை மட்டும் பார்த்து என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. மூன்று விஷயம் திருப்பிக் கேட்பேன். கெட்டது எந்த இலை, அடியில் இருக்கும் பழையதா, நுனியில் வந்த புதியதா? மண் உள்ளே ஈரமா, காய்ச்சலா? கடைசியாக எப்போது தொட்டி மாற்றினீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

மண்ணைப் பார்ப்பது என்றால் மேல்மண்ணைக் கண்ணால் பார்ப்பதைச் சொல்லவில்லை. மேலே காய்ந்து வெளுத்திருக்கும், அடியில் சேறாக இருக்கும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். பெரிய தொட்டி என்றால் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியைக் கழுவி ஆழமாகச் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி கறுத்து ஈரமாக வந்தால் தண்ணீர் வேண்டாம். சின்னத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே போதும். தண்ணீர் விட்ட அன்று ஒருமுறை தூக்கி எடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கையே சொல்லிவிடும்.

இலைகள் எல்லாம் தொங்கிவிட்டன

அதிகம் பேர் செடியை இழப்பது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தண்ணீர் இல்லாவிட்டாலும் இலை தொங்கும், தண்ணீர் அதிகமானாலும் இலை தொங்கும். இரண்டிலும் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. முதலாவதில் மண்ணில் தண்ணீர் இல்லை. இரண்டாவதில் மண் நிறையத் தண்ணீர் இருக்கிறது, அதை உறிஞ்ச உயிருள்ள வேர் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இந்தச் செடியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மூரேயா தீவுதான் இதன் சொந்த ஊர். தாவர நூல்களில் இதன் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். நம் சேம்பு, சேனைக்கிழங்கின் குடும்பம். காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி இது. மரப்பட்டை மேலும், மக்கிய இலைச் சருகுக்குள்ளும் ஓடும் வேருக்குத் தண்ணீரோடு காற்றும் கிடைத்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வேரை ஓட்டையில்லாத பீங்கான் தொட்டியில், இறுகிய களிமண்ணில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் அதற்கு மூச்சு முட்டுகிறது. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. வேர் நலிந்ததும் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் உள்ளே நுழைகின்றன. அவை ஈரத்தில் பெருகுபவை.

"அப்படியானால் பாட்டில் தண்ணீரில் மட்டும் எப்படி வளர்கிறது?" என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தண்ணீரிலேயே முளைத்த வேர் தொடக்கத்திலிருந்தே அதற்கு ஏற்றபடி வளர்கிறது. நாமும் அந்தத் தண்ணீரை அடிக்கடி மாற்றுகிறோம். காற்றோட்டமான மண்ணில் வளர்ந்த வேர் திடீரென்று சேற்றில் சிக்கும்போதுதான் செத்துப்போகிறது.

சரி, இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். விரல் விட்டால் மண் காய்ந்திருக்கிறது, தொட்டி லேசாக இருக்கிறது என்றால் அது தாகம்தான். கவலை வேண்டாம், பிழைத்துவிடும். ஆனால் மேலே ஊற்றினால் மட்டும் போதாது. தேங்காய்நார்க் கழிவு கலந்த மண் முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றிய தண்ணீர் தொட்டியின் ஓரமாக இறங்கி அடியில் ஓடிவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். ஒரு வாளியில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் எடுத்து அதில் தொட்டியை வையுங்கள். அரை மணி நேரத்தில் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எடுத்துத் தண்ணீரை வடிய விடுங்கள். மாலையில் செய்தால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலான இலைகள் நிமிர்ந்துவிடும்.

மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் அன்றைக்கே செடியை வெளியே எடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தொட்டியைச் சாய்த்து, ஓரங்களைத் தட்டி, தண்டைப் பிடித்து இழுக்காமல் மண்ணோடு சேர்த்து நழுவ விடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும், விரலால் அழுத்தினால் திடமாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் நிற்கும். வாடையே காட்டிக்கொடுக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் அழுகியதை எல்லாம், திடமான பகுதி வரும்வரை, இரக்கப்படாமல் வெட்டுங்கள். மிச்ச வேரைக் கழுவி, நிழலில் ஒரு மணி நேரம் ஆறப்போடுங்கள். பழைய மண்ணைத் திரும்பப் போடாதீர்கள்.

வேர் குறைந்துவிட்டதால் தொட்டியும் சிறியதாக இருக்க வேண்டும். செடி பிழைக்கட்டும் என்று பெரிய தொட்டியில் வைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் உறிஞ்ச வேர் இல்லாத மண்ணில் ஈரம் தங்கி மறுபடியும் அழுகும். வேர்க்கட்டியைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். கொடி நீளமாக இருந்து வேர் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தால், கொடியையும் பாதியாக வெட்டித் தனியே வேர்விட வையுங்கள். கொஞ்சம் வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. வேளாண் கடைகளில் கிடைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி பொடியைப் புதிய மண்ணில் ஒரு கரண்டி கலக்கலாம். அது வரும்முன் காக்கும் நுண்ணுயிர். அழுகிய வேரை அது திருப்பித் தராது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது, "தெனமும் ஒரே ஒரு டம்ளர்தான் தம்பி ஊத்துறேன், அதுக்குப் போயி அழுகுமா?" என்றார். அளவு அல்ல பிரச்சினை, இடைவெளிதான். தினமும் ஒரு டம்ளர் ஊற்றினால் மண்ணுக்குக் காற்று வாங்க ஒரு நாளும் கிடைப்பதில்லை. அடியில் வழியும் அளவுக்கு ஒரே தடவையாக ஊற்றுங்கள். மேலே இரண்டு அங்குலம் காயும்வரை பிறகு தொடாதீர்கள். சித்திரை வெயிலில் அது மூன்று நான்கு நாளாக இருக்கும், கார்த்திகை அடைமழையில் இரண்டு வாரம்கூட ஆகும். கிழமை வைத்துத் தண்ணீர் விடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரையும் அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. மண் சரியாகவே இருக்கும், மதியம் மட்டும் இலை சோர்ந்து, இரவில் தானே நிமிர்ந்துவிடும். மேற்குப் பார்த்த பால்கனியில் கத்திரி வெயில் காலத்தில் இதைப் பார்க்கலாம். இதற்குத் தண்ணீர் தேவையில்லை, செடியை இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள்.

இலை மஞ்சளாகிறது

அடியில் இருக்கும் ஒன்றிரண்டு இலை எப்போதாவது மஞ்சளாகி விழுந்தால், அது வயதாகி விழுகிறது. மாதத்துக்கு ஒன்று விழுந்து நுனியில் இரண்டு வந்தால் செடி நலமாக இருக்கிறது.

அடி இலைகள் ஒரே வாரத்தில் நான்கைந்து மஞ்சளானால் மறுபடியும் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும், மேலே சொன்ன வேர் வைத்தியம்தான் இதற்கும்.

மண்ணில் ஈரம் அளவாக இருக்கிறது, அடி இலைகள் மெல்ல மெல்ல வெளுத்து முழுசாக மஞ்சளாகின்றன, புது இலையும் சிறுத்து வருகிறது, தொட்டி மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டது. இது பசி, தழைச்சத்துக் குறைவு. தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது என்பதால், செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கும். அதனால்தான் முதலில் மஞ்சளாவது பழைய இலை. மேல்மண்ணைக் கிளறி இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் 19:19:19 உரத்தில் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருப்பது) 1 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் ஊற்றலாம். காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் ஊற்றினால் வேர் கருகும்.

பழைய இலையில் நரம்பும் அதை ஒட்டிய பகுதியும் பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் மட்டும் மஞ்சள் பாய்ந்தால் மக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு அரை டீஸ்பூன், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒருமுறை கொடுத்துவிட்டு ஒரு மாதம் பொறுங்கள்.

புது இலையே வெளிறி வந்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது வேறு கதை. இரும்புச்சத்து செடிக்குள் இடம் மாறாது, அதனால் குறை புது இலையில்தான் முதலில் தெரியும். நம் ஊரில் இதற்கு மண்ணில் இரும்பு இல்லாதது காரணமாக இருப்பது குறைவு. சுண்ணாம்பு மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றி மண் காரமாகிவிட்டால், இருக்கும் இரும்பைக்கூட வேரால் எடுக்க முடியாது. துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைப்பதால் பயன் இல்லை. தண்ணீரை மாற்றுங்கள், மண்ணைப் புதுப்பியுங்கள். செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் கிடைக்கும் கீலேட் இரும்பை இலையில் தெளித்தால் தற்காலிகமாகக் கைகொடுக்கும்.

இலை நுனி காய்ந்து பழுப்பாகிறது

நகரத்துக் குடியிருப்புகளில் நான் அதிகம் பார்க்கும் குறை இது. இலை பச்சையாகவே இருக்கும், நுனி மட்டும் சுட்டதுபோல் காய்ந்து, ஓரமாக உள்ளே வரும். ஏசி அறையின் வறண்ட காற்று ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் தொட்டியின் விளிம்பையும் மேல்மண்ணையும் பாருங்கள். வெள்ளையாகப் பொரிந்த படிவு இருந்தால் அது உப்பு.

எங்கிருந்து வந்தது? பல வீடுகளில் ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற அந்த மனம் பெரியது. ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. ஏற்கெனவே உப்பான ஆழ்குழாய்த் தண்ணீர் இன்னும் செறிவாகி வருகிறது. அதைத் தரை துடைக்க, கழிவறைக்கு, பைக் கழுவப் பயன்படுத்துங்கள். தொட்டிச் செடிக்கு வேண்டாம். தொட்டியில் அந்த உப்புக்குப் போக வேறு இடமே இல்லை.

அதற்குப் பதிலாக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் உப்பு அநேகமாக இருக்காது. இரவு முழுக்க ஓடினால் ஒரு பக்கெட் தேறும். மழை நாளில் மொட்டை மாடியில் நாலு பாத்திரம் வைத்துப் பிடித்தாலும் சரிதான்.

படிந்த உப்பை அகற்ற, மேல்மண்ணில் இருக்கும் வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் முழுக்க வடிய விடுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் நல்லது. மண் இறுகியிருந்தால் இதைச் செய்யாதீர்கள், முதலில் மண்ணை மாற்றுங்கள்.

தேங்காய்நார்க் கழிவுக்கட்டியும் உப்பைக் கொண்டுவரும். பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளில் மிஞ்சுவதுதான் அது, செடிகளுக்கு அருமையான பொருள். ஆனால் கழுவாமல் வந்த கட்டியில் சோடியமும் பொட்டாசியமும் அதிகம் இருக்கும். கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டி, தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே மண்ணில் கலக்குங்கள்.

காய்ந்த நுனி திரும்பப் பச்சையாகாது. பார்க்கச் சங்கடமாக இருந்தால் இலையின் வடிவத்திலேயே காய்ந்ததை மட்டும் கத்தரித்துவிடலாம், பச்சையை வெட்டாமல் ஒரு நூலளவு பழுப்பை விட்டு. அடுத்து வரும் இலை சுத்தமாக வந்தால் நீங்கள் செய்தது சரி.

இலையில் திட்டு, புள்ளி

சன்னலைப் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்து அல்லது பழுப்பாகி, காகிதம்போல் காய்ந்திருந்தால் வெயில் சுட்டிருக்கிறது. இடம் மாற்றினால் நின்றுவிடும்.

மழைக்காலத்தில் தண்ணீர் கோத்ததுபோல் கரும்புள்ளி வந்து, சுற்றி மஞ்சள் வளையம் கட்டி, நாளுக்கு நாள் பெரிதானால் அது பாக்டீரியா அல்லது பூஞ்சை. அந்த இலையைக் காம்போடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே போட்டு மக்க விடாதீர்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு வெட்டுக்கும் துடையுங்கள். இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, தொட்டிகளுக்கு நடுவில் காற்று போக இடம் விடுங்கள். ஈரக் காற்று நிறைந்த கடலோர ஊர்களில் இலைக்குத் தண்ணீர் தெளிக்கும் பழக்கமே தேவையில்லை என்பது என் கருத்து. அதனால் ஆகும் நன்மையைவிடப் புள்ளிநோய்தான் அதிகம்.

கொடி நீளுகிறது, இலை சிறுக்கிறது, பொன்னிறம் போய்விட்டது

கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே நீண்ட வெற்றுத் தண்டு வந்தால் வெளிச்சம் போதவில்லை. நிழலில் வளரும் செடி என்று சொல்லி வரவேற்பறையின் இருட்டு மூலையில் வைத்துவிடுகிறோம். நிழல் வேறு, இருட்டு வேறு. பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் என்றால் இந்தச் செடிக்கு ஒத்துவரும்.

மஞ்சள், வெள்ளைத் தீற்றல் மறைந்து முழுப்பச்சையாவதும் அதே காரணத்தால்தான். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அதனால் உணவு தயாரிக்க முடியாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் பச்சைப் பகுதிதான் வேகமாக வளரும். மார்பிள் குயின், என்ஜாய் போன்ற வெள்ளை மிகுந்த ரகங்களுக்கு அதனால் வெளிச்சம் இன்னும் கூடுதலாக வேண்டும். முழுப்பச்சையாகிவிட்ட கொடியை, கடைசியாகத் தீற்றல் இருந்த இலையின் கணுவுக்கு மேலே வெட்டிவிட்டு, வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். அந்தக் கணுவிலிருந்து வரும் துளிரில் நிறம் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

வெளிச்சம் நன்றாக இருந்தும் இலை சிறுக்கிறதா? கொடி கீழே தொங்குகிறதா, மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். இந்தச் செடியின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. தொங்கவிட்டால் இலை வரவரச் சிறுக்கும், ஏறவிட்டால் பெருக்கும். வீட்டுத் தொட்டியில் உள்ளங்கை அளவு இருக்கும் அதே இலை, தென்னையிலோ மாமரத்திலோ ஏறிவிட்டால் முறம்போல் விரிந்து, ஓரம் கிழிந்து ஓட்டைகளோடு வரும். வேறு செடி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தேங்காய் நார் சுற்றிய குச்சியை நட்டு, கணுக்கள் அதில் படும்படி நூலால் தளர்வாகக் கட்டி, குச்சியை ஈரமாக வைத்திருங்கள். சில மாதங்களில் வேர் அதைப் பற்றிக்கொள்ளும். பிறகு வரும் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடப் பெரிதாக விரிவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

பஞ்சு, பிசுக்கு, பொடிக் கொசு

இலைக்காம்பின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. இலை பிசுபிசுத்து, எறும்பு வரிசை ஏறினால் உறுதி. அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், அதனால் எறும்பையும் விரட்ட வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடையுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி திரவ சோப்பு கலந்து, மாலை நேரத்தில், இலைக்கு அடியிலும் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். முட்டைகள் பிறகும் பொரியும் என்பதால் ஒருமுறையோடு விட்டால் திரும்ப வந்துவிடும். தண்டில் பழுப்பு மச்சம்போல் ஒட்டியிருக்கும் செதில்பூச்சியை நகத்தாலோ பழைய பல்துலக்கியாலோ சுரண்டிவிட்டு இதையே செய்யுங்கள்.

ஏசி அறையில் இலை மங்கி, ஊசி குத்தியதுபோல் பொடிப் புள்ளி நிறைந்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் இரு பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், பிறகு வேப்பெண்ணெய்.

தொட்டியைத் தட்டினால் கருப்புப் பொடிக் கொசு கிளம்புகிறதா? மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். அரிசி கழுவிய தண்ணீர், பால் சேர்ந்த டீத்தூள், வெங்காயத் தோல் என்று சமையலறையில் மிஞ்சுவதையெல்லாம் நேராகத் தொட்டியில் போட்டால் இவை வரும். அவற்றை மக்கவைத்துப் போடுங்கள், நல்ல உரம். மக்காமல் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் போட்டால் பூஞ்சையும் கொசுவும்தான் மிஞ்சும். மேல்மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று செருகிவைத்தால் சில வாரத்தில் அடங்கிவிடும்.

பாட்டிலில் இருப்பது வெளுக்கிறது, தண்ணீர் பச்சையாகிறது

வெறும் தண்ணீரில் சத்து இல்லை. மாதம் ஒருமுறை 19:19:19 உரத்தை மேலே சொன்னதில் கால் பங்கு அளவில் கலந்து விடுங்கள். பாட்டிலில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும், பழுப்பு நிறப் பாட்டிலுக்கு மாற்றினால் குறையும்.

முக்கியமானது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் தண்ணீரை ஐந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். முட்டை பாட்டிலின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது, பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அவ்வளவு கவனிக்க முடியாது என்றால் செடியை மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், இதில் சமரசம் வேண்டாம். மாற்றிய முதல் இரண்டு வாரம் மட்டும் மண்ணை வழக்கத்தைவிட ஈரமாக வைத்திருங்கள், தண்ணீர் வேர் மண்ணுக்குப் பழக நாளாகும்.

நர்சரியிலிருந்து வந்த மாதமே சோர்ந்துவிட்டது

நிழல்வலைக்குக் கீழே ஈரக் காற்றில் வளர்ந்தது உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழக மூன்று நான்கு வாரம் எடுக்கும். வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். ஒரு வாரம் கழித்தும் தெளியாவிட்டால் வேரைப் பாருங்கள். நான் ஒருமுறை வாங்கிய செடியில் மேலே அழகான கலவை, உள்ளே கல்போல இறுகிய களிமண் உருண்டை. சுற்றியுள்ள மண் காய்ந்தாலும் உருண்டை ஈரமாகவே இருந்து வேரை அழுக்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஊறவைத்து, விரலால் மெல்லக் கரைத்து எடுத்துவிட்டு, தேங்காய்நார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டோ பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளோ ஒரு பங்கு கலந்து நட்டேன். பிழைத்துக்கொண்டது.

குறை போலத் தெரிந்தாலும் குறை இல்லாதவை

காலையில் இலை நுனியில் தண்ணீர் முத்துப்போல் நிற்பது நோய் இல்லை. இரவில் வேர் தள்ளிய மிகுதித் தண்ணீர் அது. தினமும் சொட்டினால் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம். கணுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு முளை பற்றுவேர், வெட்ட வேண்டாம். பூக்கவில்லையே என்றும் சிலர் கேட்கிறார்கள். பூப்பதற்குத் தேவையான ஜிப்ரெலின் என்ற ஊக்கியை இந்தச் செடியால் உருவாக்க முடிவதில்லை என்று 2016-ல் ஆய்வில் கண்டறிந்தார்கள். எவ்வளவு கவனித்தாலும் பூக்காது.

காப்பாற்றவே முடியவில்லை என்றால்

அடி முழுக்க அழுகிவிட்டாலும் மேலே ஒரு பச்சைத் துண்டு திடமாக இருந்தால் செடி உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவும் ஓர் இலையும் இருக்கும்படி, கணுவுக்கு ஒரு விரல் கீழே வெட்டுங்கள். கணு இல்லாமல் இலையை மட்டும் காம்போடு வைத்தால் வேர்கூட வரலாம், ஆனால் புதுக் கொடி எந்நாளும் வராது. மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கணு மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் பத்து, பதினைந்து நாளில் வேர் தெரியும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள், அதற்குமேல் நீள விட்டால் மண்ணுக்குப் பழகத் திணறும். ஒரே தொட்டியில் நாலைந்து துண்டு நட்டால் புதராக நிறையும்.

மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். திருட வேண்டியதில்லை, கேட்டாலே யாரும் தருவார்கள். ஆனால் அதே தெருவில், அதே தண்ணீரில், அதே வெயிலில் வளர்ந்த கொடி, தொலைவிலிருந்து வந்த நர்சரிச் செடியைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். என் இரண்டாவது செடிக்கும் அத்தை வீட்டுக்குத்தான் திரும்பப் போனேன்.

வெட்டிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்குமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் சாற்றிலும் உண்டு. குழந்தையோ பூனையோ நாயோ இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள். கழித்த கொடியை ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டாதீர்கள். ஒரு கணு போதும், வெப்பமண்டலக் காடுகள் பலவற்றில் இது இப்படித்தான் தரையை மூடிப் படர்ந்து மற்ற செடிகளை எழவிடாமல் செய்திருக்கிறது. வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.